பின்னறையில் ஒரு விமானம்

போன வருஷம் தைப்பூசம் முடிந்து அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டுக்கு என் மகளைப் பெண் கேட்டு ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. ராகு காலம் கழிந்து ஆறு மணிக்கு மேல்தான் வருவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் ராகு காலத்திலேயே எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். வந்தது போலீஸ்.

இது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன் என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொன்னாலும் உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. முப்பது வருஷமாகக் கூடவே இருக்கிற எனக்கே சரியாகப் புரிந்ததில்லை.

அவர் ஏர்கோன், அதாவது ஏசி, சர்வீஸ் செய்கிறவர். சொந்த வேன், சொந்த ஏணி. வாய் அதிகம் பேசாது. அவர் தன் வாழ்க்கையில் விமானம் ஏறியது ஒரே ஒரு முறை, அதுவும் எங்கள் உறவினர் கல்யாணத்துக்குத் திருச்சி போய் வந்தபோது. போகும்போதும் வரும்போதும் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கினார். ஆகாயத்தின் மேல் ஆசை இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாயங்காலம் பழைய கார் சீட் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து பின்னறையில் வைத்தார். பழைய கார்களை வெட்டி உதிரியாக விற்கிற ஹாஃப்-கட் கடையில் வாங்கியது. வேனுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொன்று வந்தது. எதற்கு என்றால் பிளேனுக்கு என்றார். நான் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

கிண்டல் இல்லை. வீட்டுக்குள்ளேயே விமானி உட்காரும் அறையைக் கட்டப் போகிறாராம். கணினியில் விமானம் ஓட்டுகிற மென்பொருள் இருக்கிறதாம். அதை மேசையில் வைத்துத் தட்டினால் விளையாட்டாகப் போய்விடுமாம். நிஜம் மாதிரி சீட், நிஜம் மாதிரி சுவிட்ச், முன்னால் பெரிய திரை எல்லாம் வேண்டுமாம். கடையில் விற்கிற சாமான்களை வாங்கிக் கட்டினால் வீட்டை விற்க வேண்டியதுதான் என்று அவருக்கே தெரியும். அதனால் ஒன்றையும் புதிதாக வாங்கவில்லை. அலுவலகங்கள் தூக்கிப் போட்ட கணினித் திரைகள் வந்தன. பிரிக்ஃபீல்ட்ஸில் பெயர்ப் பலகை செய்யும் கடையில் மிஞ்சிய அலுமினியத் தகடுகள் வந்து தலைக்கு மேலே சுவிட்ச் பலகை ஆயின. காலால் மிதிக்கிற இரண்டு பெடல்களைப் பலகை, கதவுக் கீல், ஸ்பிரிங் வைத்தே செய்துவிட்டார். ஏர்கோனில் காற்றை மேலும் கீழும் திருப்பி விடுவதற்கு ஒரு குட்டி மோட்டார் இருக்குமே, கெட்டுப்போன ஏர்கோன்களிலிருந்து அதைக் கழற்றி வந்து, உயரம் காட்டுகிற முள்ளுக்கு மாட்டினார். முள் அசைந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, என் மகள் பிறந்த அன்று கூட அப்படி இல்லை!

ஒரு முறை மனிதர் முகம் தொங்கிப் போய் உட்கார்ந்திருந்தார். என்னவென்றால் சீட் தப்பாம். கேப்டன் ஆயிற்றே என்று அவர் தேடிப் பிடித்து வாங்கியது கார் டிரைவர் சீட். நம் ஊர்க் கார்களில் டிரைவர் வலது பக்கம், சீட்டைச் சாய்க்கிற பிடியும் சீட்டின் வலப்புறம். விமானத்திலோ கேப்டன் இடது பக்கம் உட்காருவாராம். அங்கே கொண்டுபோய் வைத்ததும் பிடி நடுவில் இருக்கிற பெட்டியில் இடித்துக்கொண்டது. பஸ், லோரி, கார் எல்லாவற்றிலும் வலது பக்கம் ஓட்டுவார்களாம், மேலே போனதும் இடது பக்கமாம். யார் வகுத்த சட்டமோ! கடைசியில் டிரைவர் சீட்டையும் பக்கத்துச் சீட்டையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றி வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. இந்தச் சின்ன விஷயத்துக்கு அவர் இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் தவித்ததுதான் எனக்கு விளங்கவே இல்லை.

இரண்டு வருஷமாக இதுதான் வழக்கம்: வேலை முடிந்து வந்து, குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு உள்ளே போவார். கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே இருட்டு. சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பீக்கரை மாட்டியிருந்தார், அதில் என்ஜின் சத்தம் கிளம்பினால் சுவரெல்லாம் உறுமும். கணினிக்குச் சூடு ஆகாது என்று ஏர்கோனும் காற்றாடியும் ஓடிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு நேரத்துக்குக் கண் சிவந்து வெளியே வருவார். எதற்காக இதெல்லாம் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். ஒரே பதில்தான்.

"சும்மா லா."

இந்த சும்மா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு காரணம் சொன்னால் சண்டையாவது போடலாம். சும்மாவோடு என்ன சண்டை போடுவது?

அப்போதுதான் மகள் விஷயம் வந்தது. கூட வேலை செய்கிற பையன். நல்ல பையன், எங்களுக்கும் பிடித்திருந்தது. ஆனால் பையனின் அம்மா ரொம்பக் கறார் என்று மகளே சொன்னாள். பெண் கேட்டு வருவதற்கு முன் நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் வருவார்களாம். விசாரிப்பது நம் வழக்கம்தான், நானும் பையனைப் பற்றி விசாரித்தேன். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கண் பின்னறைக் கதவுக்குப் போனது. பெண்ணின் அப்பா பலகையில் பிளேன் கட்டி, உள்ளே தனியாக உட்கார்ந்துகொண்டு, இல்லாத விமான நிலையத்தோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? குடும்பத்தில் கிறுக்கு ஓடுகிறது என்றுதானே?

கழற்றி வைத்துவிடுங்கள், கல்யாணம் முடிந்து மாட்டிக்கொள்ளலாம் என்றேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், ஒரே ஒரு சுவிட்ச் பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. சரி, இருக்கட்டும், நான் மறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மறைத்தேன். ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் ஸ்டோர் ரூம் என்றேன். யாரையும் அந்தப் பக்கம் விடுவதில்லை. பெண் கேட்டு வருகிற அன்று கதவைப் பூட்டி, முன்னால் துணி அலமாரியைத் தள்ளி வைத்து, சாவியை எங்கேயோ பத்திரமாக வைத்தேன்.

அன்று சாயங்காலம் கேசரி, உளுந்து வடை, அரிசி சேமியாவில் பிரட்டிய பீஹூன் எல்லாம் தயார். மகள் புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் ஐஸ் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். வாசலில் கார் சத்தம் கேட்டு, அதற்குள் வந்துவிட்டார்களா என்று ஓடினால் போலீஸ் காடி. பின்னால் மின்சார இலாகா வேன்.

வந்தவர்களில் பெரியவர் ஐம்பதைத் தாண்டிய மலாய்க்கார அதிகாரி. கொஞ்சம் தொப்பை, நிதானமான பேச்சு. புகார் வந்திருக்கிறது, வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். என்ன புகார் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். சில பேர் வாடகை வீடுகளில் கணினிகளை அடுக்கி வைத்து, திருட்டு மின்சாரம் இழுத்து, இணையத்தில் ஏதோ டிஜிட்டல் நாணயம் தோண்டுகிறார்களாம். ஜன்னலைக் கறுப்பாக மூடி வைத்திருப்பார்களாம். ராத்திரி பகல் காற்றாடி ஓடுமாம். சுவர் உறுமுமாம். யாரையும் உள்ளே விட மாட்டார்களாம்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த அறையில் என்ன என்று கேட்டார். பழக்க தோஷம், ஸ்டோர் என்று சொல்லிவிட்டேன். ஸ்டோருக்கு எதற்கு அலமாரியைத் தள்ளி மறைத்திருக்கிறீர்கள் என்றார். திறக்கச் சொன்னார். சாவியை எங்கே வைத்தேன் என்பது அடியோடு மறந்துவிட்டது! அரிசி டின், சாமி மேடை, தலையணை உறை, எல்லாவற்றையும் கவிழ்த்தேன். நான் வேண்டுமென்றே நேரம் கடத்துகிறேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். மகள் அழ ஆரம்பித்தாள், கண் மை கன்னத்தில் இறங்கியது. மணி ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் இரண்டு கையிலும் ஐஸ் பையோடு வந்தார். போலீஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரூமை ஏன் பூட்டினே?" என்று என்னைக் கேட்டார். கேட்க வேறு கேள்வியே இல்லை பாருங்கள்!

வேன் சாவிக் கொத்திலேயே அந்த அறைக்கும் ஒரு சாவி வைத்திருந்தார். இரண்டு பேர் சேர்ந்து அலமாரியை நகர்த்தினார்கள். கதவைத் திறந்தார். உள்ளே கும்மிருட்டு. அதிகாரியின் கை இடுப்புப் பக்கம் போனதை நான் பார்த்தேன். இவர் சாவகாசமாக உள்ளே போய் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டினார். மேலே, கீழே, பக்கத்தில் என்று சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன. முன்னால் பெரிய திரையில் ஓடுபாதை வந்தது. முட்கள் எல்லாம் ஒரு முறை சுற்றி வந்து நின்றன.

இது என்ன பாஸ் என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

"கப்பால் தெர்பாங், துவான்," என்றார் இவர். விமானம், ஐயா. ஐஸ் பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

இளைய போலீஸ்காரர் சிரித்துவிட்டார். மின்சார ஆட்கள் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, அதில் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவர்களும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பெரிய அதிகாரி சிரிக்கவில்லை. இது பறக்குமா என்று கேட்டார். முயற்சி செய்து பாருங்கள் என்றார் இவர். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராகப் போய் வலது பக்கச் சீட்டில் உட்கார்ந்தார். இவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். ஐஸை என் கையில் கொடுத்துவிட்டு இடது பக்கம் போய் உட்கார்ந்தார்.

இங்கே என்ன நடக்கிறது, நான் அழுவதா சிரிப்பதா என்று புரியாமல் ஐஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் வாசலில் அவர்கள் வந்துவிட்டார்கள்.

மூன்று கார்கள். முதலில் இறங்கியது பையனின் அம்மா. பட்டுப் புடவை, கையில் பழத்தட்டு. போலீஸ் காடியைப் பார்த்ததும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் தட்டுகளோடு வரிசையாக ரோட்டில் நின்றார்கள்.

"என்னங்க இது? போலீஸ் காடி நிக்குது?"

சொல்வதற்கு என்ன இருக்கிறது? உள்ளே என் வீட்டுக்காரர் போலீஸைப் பிளேனில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார் என்றா? அந்த அம்மாள் என் முகத்தையும் என் கையிலிருந்த ஐஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பி, தன் கணவரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல. வாங்க, போவோம்."

பையன் அம்மாவின் முந்தானையைப் பிடிக்காத குறையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் என் மகள் வந்து நின்றது தெரிந்தது. அவளைத் திரும்பிப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. என் மகள் வாழ்க்கை இந்த வாசலோடு முடிந்தது என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து அந்த அதிகாரி வந்தார். தொப்பி இன்னும் கக்கத்தில்தான். வரிசையாக நின்ற தட்டுகளைப் பார்த்தார், மகளின் பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வினாடிதான். பிறகு கேட் வரைக்கும் நடந்து போய், அவருடைய வீட்டு விசேஷம் மாதிரி இரண்டு கையாலும் அழைத்தார்.

"வாங்க, வாங்க! நல்ல நாள்!" அந்த அளவு தமிழ் அவருக்குத் தெரிந்திருந்தது. மீதியை மலாயில் சொன்னார். இந்த வீட்டு அங்கிள் கட்டிய விமானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசையாம், பக்கத்தில் ரோந்து வந்ததால் நண்பர்களோடு எட்டிப் பார்த்தாராம். விசேஷ நாளில் தொந்தரவு செய்துவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். இப்போதுதான் நான் விமானத்தை ஏறக்குறைய தரையிறக்கிவிட்டேன், நீங்களும் போய் ஓட்டிப் பாருங்கள் என்று பையனின் அப்பாவின் தோளில் தட்டினார்.

சீருடையோடு, மின்சார ஆட்களோடு, விளையாட வந்தார் என்பதை யார் நம்புவார்கள்? ஆனால் அவர் சொன்ன விதத்தில் யாருக்கும் எதிர்க் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. பையனின் அப்பா என்ன ஏது என்று புரியாமலே உள்ளே நடந்தார். அவர் நடந்ததும் மற்றவர்களும் நடந்தார்கள்.

வடையாவது சாப்பிட்டுப் போங்கள் என்று நான் அதிகாரியிடம் கெஞ்சினேன். இரண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். கேட் அருகே நின்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அந்தக் கறுப்புத் தாளை எடுத்துவிடுங்கள் அக்கா, வெளிச்சம் வரட்டும் என்றார். நன்றி சொல்வதற்குள் காடி கிளம்பிவிட்டது. இன்றுவரை அவர் பெயர் எனக்குத் தெரியாது.

நான் உள்ளே வந்தபோது கூடத்தில் தட்டுகள் மட்டும் இருந்தன. ஆண்கள் எல்லாம் பின்னறையில். பையனின் அப்பா சீட்டில் உட்கார்ந்து பயந்து பயந்து எதையோ திருப்பிக்கொண்டிருந்தார். பையனின் அம்மா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்த்த விதம்தான் எனக்கு விசித்திரமாக இருந்தது. விமானத்தைப் பார்க்கவில்லை. சீட்டுக்குப் பின்னால், மேசைக்கு அடியில், மூலையில் என்று எதையோ தேடினார். மூக்கை உறிஞ்சிக்கூடப் பார்த்தார்.

"தினமும் சாயங்காலம் இதுக்குள்ளதான் இருப்பாரா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"குடிக்க மாட்டாரா?"

எனக்கு மறுபடியும் ஒன்றும் புரியவில்லை. இவர் குடித்து நான் பார்த்ததே இல்லை என்றேன். அந்த அம்மாள் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் சொன்னார். எங்களைப் பற்றி விசாரித்தபோது, பெண்ணின் அப்பா வேலை விட்டு வந்ததும் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார், கண் சிவந்து வெளியே வருகிறார், பெண்டாட்டி யாரையும் அந்தப் பக்கம் விடுவதில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாளுடைய சொந்த அப்பா அப்படித்தான் அறைக்குள் உட்கார்ந்து குடித்துக் குடும்பத்தையே அழித்தவராம். அந்த மாதிரி வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்பதுதான் அவர் முடிவு. மகன் அழுததால் தட்டோடு வந்தார்களாம். ஆனால் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித் தட்டு மாற்றாமல் திரும்பிவிடுவது என்றுதான் கிளம்பியிருக்கிறார்.

"பிளேன்தானா? இவ்ளோதானா லா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்துக்கொண்டேன். நான் எதைக் கிறுக்கு என்று மறைத்தேனோ அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்திருக்கிறது.

நல்ல நேரம் போய்விடப் போகிறது என்று ஆண்களை அந்த அறையிலிருந்து இழுத்து வர நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாடு பெரும் பாடு. தட்டு மாற்றிக்கொண்டோம். தாம்பூலத் தட்டில் வெற்றிலைக்கு அடியில் நான் தேடிய சாவி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஜன்னலிலிருந்த கறுப்புத் தாளை உரித்தேன். வெயில் உள்ளே வந்தது. அவர் வேலை விட்டு வந்து சீட்டில் உட்கார்ந்தார். என்ன தோன்றியதோ, நானும் போய் வலது பக்கம் உட்கார்ந்தேன். இத்தனை நாளில் அதுதான் முதல் முறை.

"இதுதானே டிரைவர் சீட்டு? நேத்து அந்தப் போலீஸ் ஐயா இங்கதானே உக்காந்தாரு?" என்றேன்.

"இல்ல மா, அது உதவி கேப்டன் சீட்டு. அவரு காடி மாதிரின்னு நினைச்சுக்கிட்டாரு."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சந்தோஷமா ஓட்டினாரு. எதுக்குச் சொல்லணும்?"

பிறகு பறப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை எழுதிய ஒரு தாளை என் கையில் கொடுத்து, பக்கத்தில் இருப்பவர்தான் இதைப் படிக்க வேண்டும் என்றார். நான் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் வாசித்தேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு சுவிட்சைத் தொட்டுப் பதில் சொன்னார். இரண்டு வருஷமாக அந்தத் தாளை அவரே வாசித்து அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எதுக்குங்க இதெல்லாம் என்று மறுபடி கேட்டேன். சும்மா லா என்றார். அன்று எனக்குக் கோபம் வரவில்லை.

மகள் கல்யாணமாகி ஸ்ரீ கெம்பாங்கான் போய்விட்டாள். சம்பந்தி வரும்போதெல்லாம் அந்த அம்மாளும் நானும் கூடத்தில் பேசிக்கொண்டிருப்போம், ஆண்கள் இரண்டு பேரும் பின்னறையில் எங்கேயோ பறந்துகொண்டிருப்பார்கள். புகார் கொடுத்தது யார் என்று நான் தேடவில்லை. என் வீட்டுக்காரர் ஏன் பிளேன் கட்டினார் என்பதும் இன்றைக்கு வரை எனக்குப் புரியவில்லை. ஆனால் யாரென்றே தெரியாத ஒரு மனிதர், ஒன்றும் புரியாமலே தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாரே, அதை நினைக்கும்போதெல்லாம், புரிந்த பிறகு உட்காரலாம் என்று நான் கதவுக்கு வெளியே நின்ற இரண்டு வருஷம்தான் எனக்கு வலிக்கிறது.